போர் வீரரைப் பேச அழைக்கிறீர்களா? நீலகிரிச் சங்கங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் ஒரு சேவைச் சங்கத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். முன்னாள் படைவீரர்களை எங்கள் கூட்டத்துக்கு அழைத்துப் பேச வைப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. இது தெரிந்து ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் பக்கமிருந்து மற்ற சங்கத்தினரும் பள்ளி ஆசிரியர்களும் போன் செய்து விசாரிப்பார்கள். கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

போர் வீரர்னா யாரைக் கூப்பிடணும்? பட்டாளத்துல இருந்திருந்தா போதுமா?

போர் நடந்த காலத்தில், போர் நடந்த பகுதியில் பணியில் இருந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1962 சீனப் போர், 1965, 1971 பாகிஸ்தான் போர்கள், 1984 முதல் சியாச்சின், 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படை, 1999 கார்கில் என்று வரிசை நீளமானது. காஷ்மீரிலும் வடகிழக்கிலும் தீவிரவாதத் தடுப்புப் பணியில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். 1971-ல் 18 வயதில் களத்துக்குப் போனவருக்கே இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்தத் தலைமுறையில் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அவர் வெறும் டிரைவர்தானாம். துப்பாக்கி பிடிச்சவரா பார்த்துக் கூப்பிடலாமே?

இந்தக் கேள்வி எனக்கு வருத்தம் தருவது. சண்டைக்களத்தில் வண்டி ஓட்டியவர், சமைத்தவர், வயர்லெஸ் பார்த்தவர், அடிபட்டவர்களைத் தூக்கி வந்தவர் எல்லோரும் போரில் இருந்தவர்கள்தான். கார்கில் போரில் எதிரி மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு ஸ்ரீநகர் – லே நெடுஞ்சாலையைக் குறிவைத்து பீரங்கியால் அடித்தான். அந்தச் சாலையில் போன லாரிகள் இல்லாமல் மேலே ஒரு தோட்டாகூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

எங்கள் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர் அங்கே ராணுவ லாரி ஓட்டியவர். மேடையில் பேச வரவில்லை அவருக்கு. மைக்கை ஒதுக்கிவிட்டு டீ மேசைக்கு வந்தார். டம்ளர்களை மலையாக அடுக்கி, நடுவில் கைக்குட்டையை மடித்து ரோடு போட்டு, ஒரு வர்க்கியை லாரியாக வைத்து நகர்த்தினார். எந்த வளைவு மேலிருந்து தெரியும், எந்த வளைவு தெரியாது, ராத்திரியில் ஹெட்லைட் போடாமல் எப்படிப் போனோம், முன்னால் போகிற வண்டியை எதை வைத்துக் கண்டுபிடித்தோம் என்று சொல்லச் சொல்ல, பின்வரிசைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் தினமும் வண்டி ஓட்டும் டிரைவர்கள் நாலு பேர் அன்று கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள்தான் அன்றைய நல்ல கேள்விகள்.

எங்க பக்கத்துல அப்படி யாருமே இல்லையே. எங்க போய்த் தேடுறது?

நீலகிரியில் இருந்துகொண்டு இதைக் கேட்கவே வேண்டாம். வெல்லிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் இருக்கிறது. 1758-ல் தொடங்கிய அந்தப் படைப்பிரிவு, இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படை. பக்கத்திலேயே முப்படை அதிகாரிகள் படிக்கும் பாதுகாப்புப் படை அலுவலர் கல்லூரி. 1971 போரின்போது தரைப்படைத் தளபதியாக இருந்த பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா ஓய்வுக்குப் பிறகு குன்னூரில்தான் வாழ்ந்தார். 2008 ஜூன் 27 அன்று வெல்லிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். ஊட்டி பார்சி கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். பணி முடிந்ததும் இந்தக் குளிரும் ஊரும் பிடித்துப்போய் இங்கேயே வீடு கட்டித் தங்கியவர்கள் ஏராளம்.

தேட மூன்று வழி உண்டு. ஊட்டியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கடிதம் கொடுக்கலாம். உள்ளூர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தைக் கேட்கலாம். மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: உங்கள் சங்க உறுப்பினர்களையே "உங்க வீட்டுல, தெருவுல, ஹட்டியில (படுகர் ஊர்ல) மிலிட்டரிக்காரர் யார் இருக்காங்க?" என்று கேளுங்கள். பேங்க் வாசலில் செக்யூரிட்டியாக நிற்பவர், ரேஷன் கடை வரிசையில் நம் முன்னால் நிற்பவர் என்று ஆட்கள் வெளியே வருவார்கள். பெரிய பதவியில் இருந்தவர்கள் பல மேடை பார்த்தவர்கள். ஹவில்தாராகவோ நாயக்காகவோ ஓய்வு பெற்றவரை யாரும் கூப்பிடுவதில்லை. அவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

எந்தத் தேதியில வைக்கலாம்? ஆகஸ்ட் 15 தானே நல்ல நாள்?

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டிலும் அவர்களுக்கு வேறு நிகழ்ச்சிகள் இருக்கும். நம் கூட்டத்தில் அவசரமாகத் தலைகாட்டிவிட்டுப் போவார்கள். ஜனவரி 15 தரைப்படை தினம், ஜூலை 26 கார்கில் வெற்றி தினம், டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள், 1971-ல் டாக்காவில் எதிரிப்படை சரணடைந்த டிசம்பர் 16 என்று நாள்கள் இருக்கின்றன. ஆனால் வானிலையையும் பாருங்கள். ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. மண்சரிவு வந்தால் மலைப்பாதையே நின்றுவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து ஊட்டியில் உறைபனி. எண்பது வயதுக்காரரை அந்தக் குளிரில் அலைய விடக் கூடாது.

எங்கள் ஊருக்கு டிசம்பர் 8-ம் உண்டு. 2021-ல் அந்த நாளில்தான் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 14 பேரின் உயிர் போனது. முதலில் ஓடிப்போனவர்கள் அந்தக் குடியிருப்பு மக்கள்தான். வீட்டிலிருந்த கம்பளியையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்த நாளில் கூட்டம் வைப்பதானால் ராணுவத்தினர் ஒருவரோடு அந்த மக்களில் ஒருவரையும் அழையுங்கள்.

எங்க கூட்டம் எப்பவும் ராத்திரி ஏழரைக்கு. அதே நேரம் வைக்கலாமா?

வேண்டாம். மாலை 4 மணிக்கு வைத்து 6 மணிக்குள் முடியுங்கள். பனிமூட்டம் இறங்கினால் எதிரே வருகிற வண்டி தெரியாது. இருட்டினால் தேயிலைத் தோட்டப் பாதையில் காட்டெருமையும் கரடியும் வரும். கூட்டிக்கொண்டு வரவும் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடவும் ஒரு உறுப்பினர் பொறுப்பேற்க வேண்டும், "பஸ்ல வந்துடுங்க சார்" என்று சொல்லக் கூடாது. மண்டபத்துக்கு எத்தனை படி ஏற வேண்டும், கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை முன்பே போய்ப் பாருங்கள்.

பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாக இருப்பது சகஜம். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சத்தமாகப் படித்துக் காட்டலாம். வரவேற்பு என்று பட்டாசு வெடிப்பது அறவே கூடாது.

அழைப்பிதழ்ல பேரை எப்படிப் போடுறது? ஐயா போட்டா போதுமா?

பதவியைப் பெயருக்கு முன்னாலும், "(ஓய்வு)" என்பதைப் பெயருக்குப் பின்னாலும் போடுங்கள். ஓய்வு பெற்றவர் ஆள்தான், பதவி அவரோடு இருக்கும் என்பது அவர்கள் மரபு. சுபேதார், சுபேதார் மேஜர், கௌரவ கேப்டன் என்பதையெல்லாம் சரியாகக் கேட்டு எழுதுங்கள். சிப்பாயாக ஓய்வு பெற்றவருக்கும் அப்படியே, சிப்பாய் என்றே போடுங்கள். நேரில் பேசும்போது "சார்", "ஐயா" எதுவானாலும் சரி. எங்கள் பக்கம் "சுபேதார் ஐயா" என்றுதான் கூப்பிடுவோம்.

மெடல் எல்லாம் போட்டுக்கிட்டு யூனிஃபார்ம்ல வரச் சொல்லலாமா?

ஓய்வு பெற்றவர்கள் பொதுவாகச் சீருடை அணிவதில்லை. கோட்டும் ரெஜிமெண்ட் தொப்பியும் போட்டு, இடது மார்பில் பதக்கம் குத்தி வருவார்கள். அதையும் கட்டாயப்படுத்த வேண்டாம், "உங்க விருப்பம் சார்" என்று விட்டுவிடுங்கள்.

பதக்கங்களைப் பற்றித் தொகுப்பாளர் தெரிந்துகொண்டு பேச வேண்டும். பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் எதிரியை எதிர்கொண்டு காட்டிய வீரத்துக்கு. அசோக் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா மூன்றும் போர்க்களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கு. இவை போகப் பெரும்பாலான பதக்கங்கள் ஒரு போரில் அல்லது ஒரு பகுதியில் பணியாற்றியதற்கானவை. 1971-ல் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார் என்று கொடுத்தார்கள். எதைப் பார்த்தாலும் "வீரப் பதக்கம் வென்றவர்" என்று மைக்கில் அடித்துவிட்டால், அதைத் திருத்த முடியாமல் சங்கடப்படுபவர் அவர்தான்.

என்ன மரியாதை செய்யலாம்? பணம் கொடுக்கலாமா?

பொன்னாடை ஒன்று போதும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆளுக்கொன்று போட வேண்டாம். பேச்சுக்குப் பணம் என்றால் பலர் வாங்க மாட்டார்கள், போக்குவரத்தைத்தான் நாம் பார்த்துக்கொள்கிறோமே. துணைவியார் கூட வந்திருந்தால் அவருக்கும் மேடையில் இடம் கொடுங்கள். கணவர் எல்லையில் இருந்தபோது குழந்தைகளோடு தனியாகக் குடும்பத்தை நடத்தியது அந்த அம்மாதான்.

எவ்வளவு நேரம் பேச விடலாம்? எங்க நிகழ்ச்சி நிரல்ல ஏற்கெனவே நிறைய இருக்கே?

அப்படியானால் மற்றதைக் குறையுங்கள். மணியடித்துக் கூட்டம் தொடங்கி, போன கூட்ட அறிக்கை, பிறந்தநாள் வாழ்த்து, மண்டல அறிவிப்பு என்று ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, "நேரமாச்சு, சார் சுருக்கமா ரெண்டு வார்த்தை" என்று சொல்வது பெரிய அவமரியாதை. சங்க வேலைகளை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். பேச்சுக்கு 40 நிமிடம், கேள்விக்கு 20 நிமிடம். இடையில் டீ கொடுங்கள், பலருக்கு அப்போதுதான் பேச்சே வரும்.

முன்பே ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். எதைப் பற்றிப் பேச விருப்பம், எதைத் தொட வேண்டாம் என்று கேளுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால் கீழே வரும் சிக்கல்களில் பாதி வராது.

பசங்க "எத்தனை பேரைச் சுட்டீங்க"ன்னு கேட்டுட்டா?

கேட்பார்கள். சினிமா பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முதலில் தோன்றும் கேள்வி அதுதான். பள்ளிப் பிள்ளைகள் வருவதாக இருந்தால் ஆசிரியர் முந்தைய நாளே வகுப்பில் பேசி வைக்க வேண்டும். கேட்கக் கூடாது என்று மட்டும் சொன்னால் வாயே திறக்க மாட்டார்கள். என்ன கேட்கலாம் என்றும் சொல்லிக்கொடுங்கள். அங்கே என்ன சாப்பிட்டீர்கள்? வீட்டிலிருந்து கடிதம் வர எத்தனை நாள் ஆகும்? தொட்டபெட்டா 2,637 மீட்டர், கார்கிலில் உள்ள டைகர் ஹில் ஏறக்குறைய 5,000 மீட்டர், அங்கே எப்படி மூச்சு விட்டீர்கள்? இப்படிக் கேட்டால் அவருக்கும் சொல்ல நிறைய இருக்கும்.

அப்படியும் ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அதட்டாதீர்கள். அநேகமாக அவரே பதில் சொல்லிவிடுவார். பிள்ளைகளின் கேள்வியை அவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் அதையே கேட்கும்போதுதான் முகம் மாறும்.

பேசிக்கிட்டு இருக்கும்போதே அழுதுட்டார்னா என்ன பண்றது?

ஒன்றும் பண்ண வேண்டாம். கை தட்டாதீர்கள், "அழாதீங்க சார்" என்று சொல்லாதீர்கள், போனைத் தூக்கிப் படம் பிடிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். கொஞ்ச நேரத்தில் அவரே தொடர்வார். தொடரவில்லை என்றால் தொகுப்பாளர் நன்றி சொல்லி டீக்குப் போகலாம்.

உடன் இருந்த ஆளை இழந்தது ஐம்பது வருடம் ஆனாலும் ஆறுவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லும் இடத்தில்தான் பெரும்பாலும் தொண்டை அடைக்கும். அன்று இரவு தூக்கம் வராமலும் போகலாம். மறுநாள் காலையில் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதை எங்கள் சங்கத்தில் கட்டாயமாக வைத்திருக்கிறோம்.

அவர் சொன்ன வருஷம் தப்பு. மேடையிலேயே திருத்தலாமா?

கூடாது. வயதானவர் 1965-க்கும் 1971-க்கும் நடுவே ஒரு சம்பவத்தை மாற்றிச் சொல்லலாம். அவர் சொல்வது அவர் நின்ற பதுங்குகுழியிலிருந்து தெரிந்த போர். முழுப் போரையும் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. செய்திமடலில் போடும்போது மட்டும் தேதிகளைச் சரிபார்த்து, அவரிடமே காட்டிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இலங்கையில அமைதிப்படையில இருந்தவர் ஒருத்தர் இருக்கார். கூப்பிட்டா பிரச்சினை வருமா?

நீலகிரியில் இது யோசிக்க வேண்டிய கேள்விதான். 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்காகத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டமே தொடங்கியது. இன்று அது டான்டீ. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் எங்கே கூட்டம் வைத்தாலும் அவர்களில் சிலர் இருப்பார்கள். 1983 கலவரத்தில் சொந்தங்களை இழந்தவர்களும், அமைதிப்படை மீது மனக்கசப்பு உள்ளவர்களும் இருப்பார்கள். அதே நேரம், அந்தப் படையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரும்பி வரவில்லை. தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று அங்கேதான் உயிர்விட்டார். அவர் மறைவுக்குப் பின் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது.

கூப்பிடலாம் என்பதே என் கருத்து. வெற்றி விழா மாதிரி நடத்தக் கூடாது, அவ்வளவுதான். கூட்டத்தில் யார் யார் இருப்பார்கள் என்று அவரிடம் முன்பே சொல்லுங்கள். யார் பேசுகிறார் என்று அவர்களிடமும் சொல்லுங்கள். எங்கள் கூட்டத்தில் அமைதிப்படையில் இருந்த ஒரு ஹவில்தார் பேசி முடித்ததும், டான்டீ குடியிருப்பிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி எழுந்து, 1983-ல் பதுளையில் தன் அண்ணன் கடை எரிந்ததைச் சொன்னார். கேள்வி எதுவும் கேட்கவில்லை, சொன்னார், அவ்வளவுதான். அவர் பேசத் தொடங்கியதுமே அந்த ஹவில்தார் நாற்காலியை விட்டு எழுந்து, முடிக்கும்வரை நின்றபடியே கேட்டார். பதில் ஏதும் சொல்லவில்லை. அப்புறம் டீ குடிக்கும்போது இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கட்சிக்காரங்களையும் மேடைக்குக் கூப்பிட்டா கூட்டம் சேருமே?

சேரும், ஆனால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். படைவீரர்களின் படத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையமே 2013-லும் 2019-லும் கட்சிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. தேர்தல் அறிவித்துவிட்டால் தேதியைத் தள்ளி வையுங்கள். மற்ற காலத்திலும் அவரை எந்தக் கொடிக்கும் கீழே நிறுத்தாதீர்கள், தேசியக் கொடியைத் தவிர.

வீடியோ எடுத்து வாட்ஸ்அப், யூடியூப்ல போடலாமா?

அனுமதி கேட்டு எடுங்கள். அவர் பார்த்துச் சரி என்ற பிறகு போடுங்கள். ஓய்வு பெற்றாலும் அலுவல் ரகசியச் சட்டம் அவர்களை விடாது. பேச்சு வாக்கில் வந்த ஒரு இடத்தின் பெயரையோ படை விவரத்தையோ நீக்கச் சொன்னால், காரணம் கேட்காமல் நீக்குங்கள். அழுத பகுதி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பணியில் இருக்கும் ஒருவரை அழைப்பதானால் அவர் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அதை அவரே வாங்கட்டும், நாம் அவசரப்படுத்தக் கூடாது.

போர்ல கணவரை இழந்தவங்க பேச வருவாங்களா?

சிலர் வருவார்கள். வரச் சம்மதித்தாலும், கணவர் இறந்த கதையைச் சொல்லச் சொல்லி அழைக்காதீர்கள். அதன் பிறகு வாழ்ந்ததைப் பற்றி, பிள்ளைகளை வளர்த்ததைப் பற்றி, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைப் பற்றிப் பேச விடுங்கள். கணவரின் பதக்கத்தை அவர் வலது மார்பில் அணிந்து வந்தால், இடம் மாறிவிட்டது என்று யாராவது திருத்தப் போவார்கள். அதுதான் முறை. இடது பக்கம் வாங்கியவருக்கு, வலது பக்கம் அவர் குடும்பத்துக்கு. அவர் அழுதால் என்ன செய்வது என்பதற்கு மேலே சொன்னதே பதில்.

கூட்டத்துலயே கொடிநாள் நிதி வசூல் பண்ணலாமா?

அவர் முன்னால் உண்டியல் குலுக்காதீர்கள். தனக்காகத்தான் வசூல் என்று அவருக்குப் பட்டுவிடும். 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளாக இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் வழியாக வசூல் நடக்கும். சங்கத்தில் திரட்டி நேராக அங்கே செலுத்தி ரசீது வாங்குங்கள்.

கூட்டம் முடிஞ்சது. அவங்களுக்கு நாம வேற ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், பெரிய செலவும் இல்லை. ராணுவ ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய முறைக்கு மாறிவிட்டது. வருடா வருடம் வாழ்நாள் சான்றும் கொடுக்க வேண்டும். வயதானவர்களுக்குக் கைரேகை பதிவதில்லை, கண் கருவி ஒத்துழைப்பதில்லை, ஓடிபி வரும் போன் பேரனிடம் கோயம்புத்தூரில் இருக்கிறது. பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அலைச்சல்தான். கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு மாற்றும்போது அந்த அம்மாக்கள் படும் பாடு இன்னும் அதிகம்.

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மண்டபத்தைத் திறந்து வைத்து, கணினி தெரிந்த பிள்ளைகள் நாலு பேரையும் இ-சேவை மையத்திலிருந்து ஒருவரையும் உட்கார வையுங்கள். ஆதார், ஓய்வூதிய ஆணை, பேங்க் பாஸ்புக் மூன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குக் கருவியோடு நாமே போய்விடலாம். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் எழுதி வைக்கக் கூடாது என்று உதவிக்கு வரும் பிள்ளைகளிடம் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.